தாழ்ப்பாள் தீர்மானம்

நகராட்சித் தேர்தல் ஐந்தாண்டுக்கு ஒருமுறை நடைபெறும் என்று எட்டாம் வகுப்புக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். புதுச்சேரியில் கடைசியாக அது நடந்தபோது என் முன்னால் உட்கார்ந்திருந்த ஒருவர்கூடப் பிறந்திருக்கவில்லை. அதனாலென்ன, பாடம் பாடந்தானே. 'உங்கள் வார்டு கவுன்சிலரைச் சந்தித்து ஒரு குறையைத் தெரிவித்து வருக' என்று வீட்டுப்பாடமும் கொடுத்தேன். வருஷா வருஷம் கொடுப்பதுதான். பிள்ளைகள் வாயில் வந்த பெயரை எழுதிக்கொண்டு வருவார்கள். நானும் பத்துக்குப் பத்து போட்டுவிடுவேன். சமூக அறிவியல் ஆசிரியை கமலாவின் இருபது வருஷ சேவை இந்த லட்சணத்தில்தான் இருந்தது.

இந்த வருஷம் கார்குழலி வந்து சேர்ந்தாள். உழவர்கரையில் தச்சு வேலை செய்பவரின் மகள். பள்ளி விட்டதும் நிஜமாகவே நகராட்சி அலுவலகம் வரைக்கும் நடந்து போயிருக்கிறாள்.

"எங்க வார்டுக்குக் கவுன்சிலரே இல்லியாம் மிஸ். கேட்டா சிரிக்கிறாங்க."

"என்ன குறை சொல்லப் போனே?"

"நம்ம பாத்ரூமுக்குத் தாழ்ப்பா இல்ல மிஸ்."

உண்மைதான். மாணவியர் கழிவறைத் தாழ்ப்பாள் போன வருஷமே பெயர்ந்து விழுந்துவிட்டது. ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வெளியே கதவைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். "இருக்கியாடீ?" என்று உள்ளே இருப்பவள் நிமிஷத்துக்கு ஒருதரம் கேட்பாள். "இருக்கேன், இருக்கேன்" என்று வெளியே நிற்பவள் சொல்வாள். அப்படி ஒருத்தியை நிற்கவைக்கக் கூச்சப்பட்டு, கார்குழலி காலையிலிருந்து சாயங்காலம் வரை ஒரு வாய் தண்ணீர் குடிக்கமாட்டாள். பாட்டில் நிரம்பிய வாக்கில் வரும், நிரம்பிய வாக்கில் வீட்டுக்குப் போகும். தலைமையாசிரியர் அறையை ஒட்டிய கழிவறைக்கு மட்டும் கனமான பித்தளைத் தாழ்ப்பாள் உண்டு. நாங்கள் ஆசிரியைகளும் அதைத்தான் பயன்படுத்தினோம். ஆகவே எனக்கும் ஒன்றும் அவசரமில்லை. இதைச் சொல்ல எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

தலைமையாசிரியர் தெய்வசிகாமணிக்கு உலகத்தில் ஒன்றே ஒன்றில்தான் நம்பிக்கை, போட்டோ. மரக்கன்று நடும் போட்டோ எடுத்ததும் அதே கன்றைப் பிடுங்கி அடுத்த வருஷத்துக்குத் தொட்டியில் வைத்த மகான் அவர். 'மாணவர் பாராளுமன்றம்' அமைக்கச் சொல்லிச் சுற்றறிக்கை வந்ததும் கதர்ச் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். படம் எடுக்கும் வேலை எனக்கு.

தேர்தல் நடந்தது. ஐந்து பேர் ஜெயித்தார்கள். கார்குழலியோடு சேர்த்து மூன்று பெண்கள், பிரேம்குமாரோடு சேர்த்து இரண்டு பையன்கள். முதல் கூட்டத்திலேயே கார்குழலி தீர்மானம் கொண்டுவந்தாள்: மாணவியர் கழிவறைக்குத் தாழ்ப்பாள் போட வேண்டும். மூன்றுக்கு இரண்டு என்று நிறைவேறப்போன நேரத்தில் தலைமையாசிரியர் எழுந்தார்.

"இருங்க, இருங்க. நம்ம சட்டசபைல நியமன உறுப்பினருங்க இருக்காங்களா இல்லியா? அவங்களுக்கு ஓட்டு உண்டா இல்லியா? கமலா மிஸ், பாடத்துல சொல்லிக் குடுத்தீங்களா?"

"குடுத்தேன் சார்."

"அப்ப நானும் மூணு பேர நியமிக்கிறேன்."

கை தூக்குவதற்கென்றே பிறந்த மூன்று பிள்ளைகளைப் பொறுக்கியெடுத்தார். தாழ்ப்பாள், மூன்றுக்கு ஐந்து என்று தோற்றது. அதற்குப் பதிலாக, வரப்போகும் கல்வி அதிகாரியைப் பூத்தூவி வரவேற்பது என்ற தீர்மானம் நிறைவேறியது. எல்லோரையும் கைதட்டச் சொன்னார். நான் படம் எடுத்தேன். வேறென்ன செய்வேன்? சம்பளம் வாங்கும் கை.

மறுநாள் மதியம் கார்குழலி ஆசிரியர் அறை வாசலில் நின்றாள்.

"எட்டு உறுப்பினர்ல எத்தினி பேர் வந்தா கூட்டம் செல்லும் மிஸ்?"

"மூன்றிலொரு பங்கு. மூணு பேர் போதும்" என்றேன், திருத்திக்கொண்டிருந்த தாளிலிருந்து தலையைத் தூக்காமலே.

"தேங்க்ஸ் மிஸ்."

வெள்ளிக்கிழமை அதிகாரி வந்தார். பிள்ளைகள் இரண்டு வரிசையாக நின்று பூத்தூவினார்கள். இளநீர் கொடுத்தோம், பிறகு காபி கொடுத்தோம். தெய்வசிகாமணி அவரைவிட்டு ஓரடி நகரவில்லை. கொஞ்ச நேரத்தில் அதிகாரி நெளிந்தார்.

"சார், டாய்லெட்..."

"வாங்க சார், நம்ம ரூமை ஒட்டித்தான். ரொம்ப சுத்தமா இருக்கும்."

அதிகாரி உள்ளே போனார். கதவைச் சாத்தினார். கதவு திறந்துகொண்டது. மறுபடி சாத்தினார், மறுபடி திறந்துகொண்டது.

"தாழ்ப்பா எங்க சார்?"

தெய்வசிகாமணி எட்டிப் பார்த்தார். பித்தளை இருந்த இடத்தில் நான்கு திருகாணி ஓட்டைகள்தான் இருந்தன. அவர் அறை மேசைமேல் மாணவர் பாராளுமன்றத்தின் தீர்மான நோட்டு விரித்துவைக்கப்பட்டிருந்தது. காலை எட்டரை மணிக்குக் கூட்டம். வந்தவர்கள் மூவர். தலைமையாசிரியர் கழிவறைத் தாழ்ப்பாளை மாணவியர் கழிவறைக்கு மாற்றுவதென ஒருமனதாக முடிவு. கீழே மூன்று கையெழுத்து. நான் சொல்லிக்கொடுத்த நடையிலேயே, ஒரு பிழையில்லாமல் எழுதியிருந்தார்கள். இருபது வருஷத்தில் என் பாடத்தை முழுசாகப் படித்தவர்கள் அந்த மூன்று பேர்தான்.

படித்து முடித்த தெய்வசிகாமணியின் முகத்தைப் பார்க்கக் கண் கோடி வேண்டும். ஆனால் கத்த முடியாது. அதிகாரி உள்ளே அவசரத்தில் இருந்தார்.

"நீங்க போங்க சார். நான் பிடிச்சிக்கிறேன்" என்று கதவின் பிடியை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு நின்றார்.

போனை எடுத்தேன். வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டினார். கையை எடுக்க வழியில்லை அவருக்கு. பள்ளி நிகழ்ச்சி எதையும் விடாமல் படம் எடுக்க வேண்டும் என்று உத்தரவு போட்டவர் அவர்தானே, எடுத்தேன்.

"சார், இருக்கீங்களா?" என்றது உள்ளிருந்து குரல்.

"இருக்கேன் சார், இருக்கேன்" என்றார் தெய்வசிகாமணி.

பூத்தட்டோடு வராந்தாவில் நின்றிருந்த எட்டாம் வகுப்புப் பெண்கள் அனைவருக்கும் அது கேட்டது. ஒருத்தியும் சிரிக்கவில்லை. கார்குழலி தட்டைக் கீழே வைத்துவிட்டு, பையிலிருந்து பாட்டிலை எடுத்து, மூடியைத் திறந்து, பாதித் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தாள்.