வெள்ளைப் பொறி

இராசநாயகம் அண்ணை கடலில் வெடி போட்டு மீன் அள்ளுகிறவர். நான் அவருக்குப் போட் ஓட்டுகிறவன். சட்டப்படி பார்த்தால் இரண்டு பேரும் மறியலில் கம்பி எண்ணவேண்டிய ஆட்கள். அதை மறைத்து இனி எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை.

ஏழு வருசத்துக்கு முன்னம் வெடி ஒன்று அவருடைய இடது கையில் இரண்டு விரலைக் கொண்டுபோனது. அதன் பிறகு சூடு கண்ட பூனைதான். திரியில் நெருப்பு ஏறினவுடனேயே வலது கை தானாக வீசிவிடும். வெடி ஆழத்துக்குப் போய் வெடிக்கும். மேலே நின்ற மீனெல்லாம் சிதறி ஓடிவிடும். மற்றப் போட்டுகள் நிறைந்து வர, நாங்கள் அடித்தட்டு தெரிய வருவோம்.

"உங்கட பயத்துக்கு நான் எண்ணெய் ஊத்திக்கொண்டு திரியுறன் அண்ணை," என்று நான் கரையில் நாலு பேருக்கு முன்னால் சொல்லியிருக்கிறேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

எல்லாம் என் போன் உப்புத் தண்ணீரில் விழுந்த நாளில் தொடங்கியது. அதைத் திருத்த இரண்டு பேரும் துறைமுகத்துக்குப் போகிற வீதியில் இருக்கும் றிகாஸின் கடைக்குப் போனோம். முன்பக்கம் போன் திருத்துகிற மேசை. பின்பக்கம் ஆறு கம்பியூட்டர். துறைமுகத்தில் மூட்டை இறக்குகிறவர்கள் வேலை முடிந்ததும் அங்கே வந்து குந்தியிருந்து விளையாடுவார்கள்.

அவர்கள் விளையாடுவது ஒரு பெரிய சண்டை விளையாட்டு. அதற்குள்ளே ஆர்கேட் என்று ஒரு மண்டபம், மண்டபத்துக்குள்ளே சின்னச் சின்ன விளையாட்டுகள். அதில் ஆடிச் சேர்க்கிற டோக்கனைக் கொடுத்து வாள், கேடயம், உடுப்பு என்று வாங்கலாம். றிகாஸ் பேர் எடுத்தது வெடி விளையாட்டில். ஒரு பொம்மை கையில் திரி எரிகிற வெடியோடு நிற்கும். நீங்கள் பட்டனை அமத்திப் பிடித்திருக்கும் வரைக்கும் டோக்கன் இரண்டாய், நாலாய், எட்டாய்ப் பெருகும். விட்டால் பொம்மை வெடியை எறியும், டோக்கன் உங்களுக்கு. விடாமல் வெடித்துவிட்டால் எல்லாம் போச்சு. கடைசிக் கண்ணிமைப்பில் பொறி வெள்ளையாக மாறும். அந்த வெள்ளையில் விட்டால் ஒரு கறுப்புப் பெட்டி விழும். நூறு பெட்டியில் ஒன்றுக்குள் சிவப்புக் குதிரை இருக்கும். திருகோணமலையில் ஒருத்தனிடமும் அந்தக் குதிரை இல்லை, றிகாஸிடம்கூட இல்லை.

"அண்ணை, நீங்க நிச வெடிக்காரர்தானே. ஒருக்காப் பிடிச்சுப் பாருங்கோ," என்றான் றிகாஸ்.

அண்ணை இருந்தார். நாலு டோக்கனில் விட்டார். திரும்பப் பிடித்து இரண்டில் விட்டார். பத்துத் தரம் பிடித்தும் எட்டைத் தாண்டவில்லை. திரி பற்றினதும் விரல் பட்டனிலிருந்து துள்ளி எழும்பியது. முதலில் சிரித்தது நான்தான். பிறகு கடையே சிரித்தது.

"பொம்மை வெடிக்கே இந்தப் பாடு. இந்தக் கையை வைச்சுக்கொண்டோ கடலுக்குப் போறீங்க?" என்றான் றிகாஸ்.

அண்ணை கீபோர்டை வயரோடு பிடுங்கி அவனுடைய முகத்தில் அடித்தார். மூக்கு உடைந்த சத்தம் எனக்குக் கேட்டது. மூட்டை இறக்குகிற இரண்டு பேர் அவர் மேல் பாய்ந்தார்கள். ஒருத்தன் அவரைச் சுவரோடு அமத்திக் கழுத்தை நெரித்தான். நான் பிளாஸ்டிக் கதிரையைத் தூக்கி அவனுடைய முதுகில் போட்டேன். கதிரைக் கால் முறிய, அந்த முறிந்த காலாலேயே மற்றவனின் காதைக் கிழித்தேன். வெளியே வந்தபோது என் சேட்டில் மூன்று பேருடைய இரத்தம் இருந்தது.

அடுத்த நாள் பின்னேரம் அவர் தனியே அந்தக் கடைக்குப் போனார். உடைத்த கீபோர்டுக்குக் காசை வைத்துவிட்டு, "எனக்கு அந்தக் குதிரை வேணும்," என்றாராம். மூக்கில் பிளாஸ்டரோடு இருந்த றிகாஸ் எழும்பி இடம் விட்டான்.

அன்றிலிருந்து கடலால் வந்தால் கடைதான். நானும் சில நாள் பக்கத்தில் இருந்து பார்த்தேன். முதல் கிழமை ஹெட்போன் போட்ட காதுக்குள் வெடிக்கும் ஒவ்வொரு தரமும் கதிரையோடு பின்னுக்குத் துள்ளி, வலது கையைக் கக்கத்துக்குள் ஒளித்துக்கொள்வார். பார்க்கப் பாவமாக இருக்கும், சிரிப்பாகவும் இருக்கும். பத்தாம் நாள் கண் இமை மட்டும் அடித்தது. மூன்றாம் கிழமை அதுவும் இல்லை. வெடிக்கும், செத்துவிடுவார், திரும்ப அமத்துவார்.

ஒரு வெள்ளிக்கிழமை குதிரை விழுந்தது. அவருடைய பெயர் ஆறு கம்பியூட்டரிலும் சிவப்பு எழுத்தில் ஓடியது. மூக்கு உடைபட்ட றிகாஸே அவரைக் கட்டிப்பிடித்துத் தூக்கினான். நாற்பத்தெட்டு வயது மனுசன் கண் கலங்கி நின்றதைப் பார்த்து எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

அவருடைய மனுசி இலட்சுமி அக்காவுக்குத்தான் அது பெருமையாக இருக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலமை கரையில் நான் இஞ்சினைக் கழற்றிக்கொண்டிருக்க, அவ தேடி வந்தா.

"தம்பி, நேற்றுக் கோயிலடியில சீனவெடிக் கட்டுக் கொளுத்தினவங்கள். வாசலில நிண்ட மனுசன் திரும்பிக்கூடப் பாக்கேல்லை. முந்திக் கதவு அடிபட்டாலே துள்ளுறவர்."

"அதுக்கென்ன அக்கா, நல்லதுதானே."

"எது நல்லது? அந்தப் பயம்தான் தம்பி, இந்த ஏழு வருசமும் அவற்ற வலது கையை எனக்கு மிச்சம் வைச்சது. அவரைக் கொஞ்ச நாளைக்குப் போட்டில ஏத்தாதீங்கோ. அவரை உங்களைப் பெத்த வாப்பா மாதிரி நினைச்சுக்கொள்ளுங்கோ, கும்பிட்டுக் கேக்கிறன்."

அவ கையெடுத்துக் கும்பிட்டா. "ஓம் அக்கா, ஏத்தமாட்டன்," என்றேன். சொல்லும்போது உண்மையாகத்தான் சொன்னேன்.

புதன்கிழமை குச்சவெளிப் பக்கம் பாரை மீன் கூட்டமாக ஏறி நிற்கிறது என்று கதை வந்தது. ஒரு போட் வயிறு முட்டக் கொண்டுவந்ததை என் கண்ணால் பார்த்தேன். ஆசை வெட்கம் அறியாது. அண்ணைக்குப் போன் எடுத்தேன்.

அடுத்த நாள் வெயில் ஏறுகிற நேரம் அந்த இடத்தில் நின்றோம். தண்ணீர் கறுத்துப்போய்க் கிடந்தது, அவ்வளவு மீன். அண்ணை முன்பக்கம் காலை அகட்டி நின்று திரியைப் பற்றவைத்தார்.

மற்ற நாள் என்றால் அந்நேரம் வெடி தண்ணீருக்குள் போயிருக்கும். அன்றைக்குப் போகவில்லை. அவர் கையை முகத்துக்கு நேரே பிடித்துப் பொறியைப் பார்த்துக்கொண்டு நின்றார். பெருவிரல் வெடியின் மேல் அமத்திக்கொண்டிருந்தது, பட்டனை அமத்துகிற அதே அமத்தல். முகத்தில் பயம் மருந்துக்கும் இல்லை. மனுசன் வெள்ளை வரும் வரைக்கும் காத்திருக்கிறார் என்று எனக்கு விளங்கிவிட்டது. கடலில் எரிகிற திரிக்கு வெள்ளையும் இல்லை, ஒன்றும் இல்லை.

கத்துவதற்கு நேரம் இருந்தது. 'விடுங்கோ' என்ற ஒரு சொல் போதும். நான் கத்தவில்லை. இன்னும் கொஞ்சம் பிடித்தால் இந்தக் கூட்டம் முழுக்க எங்களுக்குத்தான் என்று நினைத்துக்கொண்டு, வாயைத் திறந்தபடி நானும் அவரோடு சேர்ந்து காத்திருந்தேன்.

வெடித்தது.

என்னைப் பின்பக்கம் இஞ்சினோடு தூக்கி அடித்தது. எழும்பிப் பார்த்தால் அவருடைய வலது கை முழங்கையோடு இல்லை. எலும்பு வெள்ளையாக நீட்டிக்கொண்டு நின்றது. இடது உள்ளங்கை பிய்ந்து தோலில் தொங்கியது. ஒரு கண் இருந்த இடம் இரத்தக் குழி. என் நெற்றியில் சூடாக ஏதோ ஒட்டியிருக்க, துடைத்துப் பார்த்தேன். அவருடைய விரல். போட்டின் மறுபக்கம், வெடி ஆழத்துக்குப் போகாமல் மேலேயே வெடித்ததால், பாரை நூறு நூறாக வயிற்றைக் காட்டி மிதந்துகொண்டிருந்தது. வல்லாஹி, அல்லாஹ் மேல் ஆணையாகச் சொல்கிறேன், அவரைத் தூக்க முன்னம் என் கண் ஒருதரம் அந்த மீனுக்குப் போய்வந்தது. அதற்காக என்னை நானே காறித் துப்பலாம்.

உடுத்திருந்த சாரத்தைக் கிழித்து இரண்டு கையையும் இறுக்கிக் கட்டினேன். இரத்தம் போட்டுக்குள் கணுக்கால் நனைய நின்றது. அவர் வாயைத் திறந்து ஊளையிட்டுக்கொண்டே வந்தார். அந்தச் சத்தம் கரை வரைக்கும் நிற்கவில்லை.

ஆசுபத்திரியில் அவரைத் தள்ளிக்கொண்டு உள்ளே போன கையோடு நான் றிகாஸின் கடைக்குப் போனேன். வாசலில் கிடந்த இரும்புக் கம்பியை எடுத்தேன். "உன்ர விளையாட்டால அண்ணைக்குக் கை போச்சடா!" என்று கத்திக்கொண்டு போட்ட முதல் அடி அவனுடைய விலாவில். விழுந்தவனின் தோளில் இரண்டாவது. பிறகு ஆறு கம்பியூட்டரையும் ஒவ்வொன்றாக அடித்து நொறுக்கினேன். விளையாடிக்கொண்டிருந்தவர்கள் என் உடம்பில் இருந்த இரத்தத்தைப் பார்த்துச் சுவரோடு ஒதுங்கி நின்றார்கள், ஒருத்தனும் கிட்ட வரவில்லை.

றிகாஸ் கண்ணாடித் துண்டுகளுக்குள் கிடந்து தலையை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு கத்தினான்.

"றிஸ்வி நானா, இதில அவருக்கு நாலாயிரம் தரம் வெடிச்சது. நாலாயிரம் தரமும் கை திரும்பி வந்தது. கடலிலயும் வரும் எண்டு நான் சொன்னனானோ? நீங்கதானே பக்கத்தில இருந்தது!"

பக்கத்தில் என்ற அந்தச் சொல்லுக்காக அவனுடைய முழங்காலை உடைத்தேன். அவன் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. அதனால்தான் அவ்வளவு பலமாக அடித்தேன்.

அவன் பொலிசுக்குப் போகவில்லை. போனால் வெடிக் கதையில் தன்னுடைய கடையும் இழுபடும் என்று பயந்திருப்பான். நானும் ஆறு நாள் வீட்டுக்குள் கிடந்தேன். ஏழாம் நாள்தான் ஆசுபத்திரிக்குப் போக எனக்குத் துணிவு வந்தது.

அண்ணை உயிரோடு இருந்தார். இரண்டு கையும் துணிப்பொட்டலமாக நெஞ்சில் கிடந்தன. ஒரு கண்ணுக்கு மேல் பஞ்சு. இரண்டு காதுச் சவ்வும் கிழிந்துவிட்டதாம், பக்கத்தில் போய்க் கத்தினால்தான் ஏதோ கொஞ்சம் கேட்கும். இலட்சுமி அக்கா கரண்டியால் கஞ்சி பருக்கிக்கொண்டிருந்தா. என்னைக் கண்டதும் அவவின் முகம் கறுத்தது.

"ஏத்தமாட்டன் எண்டு சொன்னனீங்கள். சரி, ஏத்தினனீங்கள். பக்கத்திலதானே தம்பி நிண்டனீங்கள், ஒரு சத்தம் போட ஏலாமப் போச்சோ உங்களுக்கு?"

அவ பேசினது அண்ணைக்குக் கேட்கவில்லை. முகத்தைப் பார்த்து ஏசுகிறா என்று விளங்கியிருக்கவேண்டும். காது கேளாதவர்கள் பேசுகிற அந்தப் பெரிய குரலில் அவர் சொன்னார்.

"அவனை ஏசாத இலட்சுமி. அவன் கத்தினவன். எனக்குத்தான் கேக்கேல்லை. றிஸ்வி கத்தாம இருப்பானே?"

அக்கா என்னைப் பார்த்தா. அவவின் கோபம் என் கண்ணுக்கு முன்னாலேயே கரைந்தது. கரண்டியைக் கோப்பைக்குள் வைத்துவிட்டு, "மன்னிச்சுக்கொள்ளுங்கோ தம்பி," என்று என் கையைப் பிடித்தா.

அண்ணை மிச்சமிருந்த ஒற்றைக் கண்ணால் என்னையே பார்த்தார்.

"நீ கத்தினனீதானேடா?"

"ஓம் அண்ணை."

அவருக்குக் கேட்கவில்லை. தலையைச் சரித்துக் காதை என் பக்கம் நீட்டினார். நான் குனிந்து, வார்டில் கிடந்த எல்லாரும் திரும்பிப் பார்க்கும்படி, நெஞ்சில் இருந்த காற்று முழுவதையும் சேர்த்துக் கத்தினேன்.

"ஓம் அண்ணை, கத்தினனான்!"