பதினேழாம் நம்பர் லாக்கர்

இதில் ஒரு வரிகூடக் கூட்டியதில்லை, குறைத்ததில்லை; மயிலாப்பூர்க் குளத்தில் கழுத்தளவு இறங்கி நின்று சத்தியம் செய்யச் சொன்னாலும் ஆட்சேபணை கிடையாது.

தி. நகர் ஜவுளிக்கடையின் மூன்றாம் மாடியில், காலை ஷிஃப்ட் முடிந்த பெண்கள் முப்பத்தொன்பது பேர் இரும்பு லாக்கர் அலமாரியின் முன் நின்றார்கள். வேலைக்கு வந்ததும் போனையும் பையையும் அதற்குள் போட்டுவிட வேண்டும் என்பது கடைச் சட்டம். மூன்று மணிக்குக் கம்ப்யூட்டரில் புரோகிராமை மூடினால் நாற்பது கதவும் தாமாகத் திறக்க வேண்டும். அந்த ஏற்பாட்டுக்கு அன்று முதல் நாள். மூடினார்கள். ஒன்றாம் நம்பர் மட்டும் திறந்தது. புரோகிராம் அப்படியே செத்துவிட்டது. அந்த லாக்கர் சூப்பர்வைசர் சின்னப்பையனுடையது. அவர் தன் போனை எடுத்துக்கொண்டு, இடுப்புச் சாவிக்கொத்து குலுங்கப் போய் நாற்காலியில் உட்கார்ந்தார்.

புரோகிராம் எழுதிய யாசிர் இரண்டு தெரு தள்ளியிருந்த ஆபீசிலிருந்து ஓடி வந்தான். பதினேழாம் நம்பர் கதவில் கை வைத்தபடி அன்புச்செல்வி நின்றாள்.

"ண்ணா, எங்கம்மா ஆஸ்பத்திரில சீரியஸா கீது. தம்பி போன் அடிச்சிக்கினே இருக்கான், உள்ள கேக்குது பாரு."

"நீ நேரா கிளம்பிப் போயேன்மா."

"ஆஸ்பத்திரி பாஸும் உள்ளதான் கீது. அது இல்லாம அங்க வாட்ச்மேன் உள்ள உட மாட்டான்."

யாசிர் தன் போனை நீட்டினான். அவள் மூன்று எண்களை அழுத்திவிட்டு நிறுத்தினாள்.

"நம்பர் எல்லாம் அதுலதான் கீது."

நேரமாக ஆக, எல்லார் வீட்டிலிருந்தும் தேடத் தொடங்கினார்கள். முப்பத்தொன்பது போனும் சேர்ந்து அதிர்ந்ததில் அலமாரி ஒரு சாண் நகர்ந்தது.

"கம்பூட்டரே கைய விரிச்சிடுச்சு, நான் இன்னா பண்ணட்டும்?" என்றார் சின்னப்பையன்.

யாசிர் லேப்டாப்பைத் திறந்தான். புரோகிராமுக்குள் ஒவ்வொரு லாக்கரும் ஓர் ஆப்ஜெக்ட், அதாவது ஒரு தனிப் பொருள். அதை அழிக்கும்போது சாகுமுன் அது செய்யும் கடைசி வேலையான டிஸ்ட்ரக்டர் ஓடி, தன் பூட்டைத் திறந்துவிட வேண்டும். ஆபீஸ் மேஜையில் ஒரே ஒரு பூட்டை வைத்துத்தான் சோதித்திருந்தான். நாற்பது பூட்டு கேட்டதற்கு அவன் முதலாளி வேதாந்தம், "ஒண்ணு தொறந்தா நாப்பதும் தொறக்கும்டா, எதுக்கு வாங்கிண்டு?" என்றிருந்தார். பிறகு புரோகிராமில் ஒன்றை நாற்பதாக்கி, அரே என்ற ஒரே வரிசையில் அடுக்கினான். அழிக்கும் வரியைத் தொடவில்லை. அதில் டிலீட் என்ற சொல்லை அடுத்து, வரிசை முழுவதையும் குறிக்கும் ஒரு ஜோடி சதுர அடைப்புக்குறி இல்லை. அதனால் முதல் லாக்கரின் டிஸ்ட்ரக்டர் மட்டும் ஓடியிருந்தது.

அந்த அடைப்புக்குறியைப் போட்டான். மறுபடி ஓட்டி, மூடினான்.

அரேயில் கடைசியாகப் பிறந்தது முதலில் சாகும். நாற்பதாம் கதவு திறந்தது. முப்பத்தொன்பது திறந்தது. ஃப்யூஸ் போய்விடக்கூடாதென்று கதவுக்குக் கதவு நான்கு நொடி இடைவெளி விட்டிருந்தான் அவனே. இருபத்திரண்டாம் கதவு திறந்தபோது பதினேழின் உள்ளே சத்தம் நின்றது.

அவள் முறை வந்தது. போனை எடுத்துப் பார்த்தாள். தம்பி ஒரு வரி அனுப்பியிருந்தான். அவள் அவசரப்படாமல் பையைத் தோளில் மாட்டினாள். ஆஸ்பத்திரி பாஸை இரண்டாக மடித்து, லாக்கருக்குள்ளேயே வைத்துக் கதவைச் சாத்திவிட்டுப் படியிறங்கினாள்.

யாசிரின் போன் அடித்தது. வேதாந்தம்தான். "நாளைலேர்ந்து நீ வர வேண்டாம்டா."

அந்த நாற்பது பூட்டுக்கும் பொதுவான மாற்றுச்சாவி, காலையிலிருந்தே சின்னப்பையனின் கொத்தில் இருந்தது.