வாசலில் கழற்றிய செருப்பு

என் தங்கை மிருணாளினிக்கு அந்த வீடு கிடைக்கக் கூடாது என்று மேய்ஸ் ஹில் கோயில் முருகனிடம் நேரடியாகவே கேட்டேன். சுற்றி வளைத்துக் கேட்கிற பழக்கம் எனக்கில்லை. அன்று சனிக்கிழமை. அர்ச்சனை முடிந்த கையோடு, அதே பச்சைச் சேலையோடும் நெற்றித் திருநீறோடும், அவளுடன் அந்த வீட்டைப் பார்க்கப் போனேன். குறை கண்டுபிடிக்கத்தான் போனேன்.

கல்யாணம் முறிந்த பிறகு மிருணா பென்டில் ஹில்லில் எங்களோடுதான் இருந்தாள். பின்னறை அவளுடையது. நாலு வருஷம் ஒரு சின்ன மனக்கசப்புக்கூட இல்லை. அப்படி இருந்தவள் ஒருநாள் திடீரென்று, சமர் ஹில்லில் ஒரு படுக்கையறை வீடு வாடகைக்கு வருகிறது, இரண்டாம் உலக யுத்தத்துக்கு முந்திய பழைய கட்டடம், பார்க்கப் போகிறேன் என்றாள்.

"தனிய இருக்கப் போறியோ? உனக்கென்ன விசரே?"

"அம்மா வீடு, பிறகு அவற்ற வீடு, இப்ப உங்கட வீடு. எனக்கெண்டு ஒரு வீட்டில நான் ஒருநாளும் இருந்து பாக்கேல்லை அக்கா."

"எங்கட வீட்டில உனக்கு என்ன குறை?"

"ஒரு குறையும் இல்லை. அதாலதான் இவ்வளவு நாளும் சொல்ல ஏலாமல் கிடந்தது."

எனக்குச் சுருக்கென்றது. ஊர் என்ன சொல்லும் என்று அவளிடம் சத்தம் போட்டேன். உண்மையில் ஊர் எக்கேடு கெட்டால் எனக்கென்ன? பிள்ளைகள் இரண்டும் மெல்பேர்னில். என் கணவர் கணேசலிங்கம் ஒரு நாளைக்குப் பேசுகிற வார்த்தைகளை ஒரு சிரட்டையில் அள்ளிவிடலாம். இவளும் போய்விட்டால் நான் யாரோடு கதைப்பது? அதுதான் என் பயம்.

சமர் ஹில் அழகான இடம்தான், இல்லையென்று சொல்லவில்லை. தெருவெல்லாம் மரம், கோப்பிக் கடை, கடை வாசலில் தங்கள் ஆட்களுக்காகக் காத்திருக்கிற நாய்கள். சிவப்புக் கல் கட்டடத்தின் படிக்கட்டில் மேலிருந்து கீழ்வரை சனம் வரிசையில் நின்றது. அதைக் கண்டதும் எனக்கு வயிறு குளிர்ந்தது. இத்தனை பேருக்குள் இவளுக்கு எங்கே கிடைக்கப் போகிறது?

இருந்தாலும் வரிசையைக் கண்டால் வருகிற பழக்கதோஷத்தில், மிருணாவையும் இழுத்துக்கொண்டு இடித்து நெரித்து முன்னுக்குப் போய்விட்டேன். ஏஜென்ட் கதவைத் திறந்ததும் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன். கோயிலிலிருந்து வந்த கால், யோசிக்கவில்லை. மிருணாவும் கழற்றினாள். எங்களுக்குப் பின்னால் நின்ற வெள்ளைக்காரப் பொடியன் எங்கள் கால்களைப் பார்த்தான். இந்த வீட்டின் சட்டம் போலிருக்கிறது என்று நினைத்துக் குனிந்து சப்பாத்து நாடாவை அவிழ்த்தான். அவனைப் பார்த்து அடுத்தவள். ஏஜென்ட் திரும்பிப் பார்த்தபோது படிக்கட்டெல்லாம் சப்பாத்து. அவனும் வேறு வழியில்லாமல் கழற்றினான். அவனுடைய காலுறை ஓட்டையால் பெருவிரல் எட்டிப் பார்த்தது.

உள்ளே சுண்ணாம்பில் பூ வேலை செய்த கூரை, பழைய மரத்தரை, தெருமரத்தைப் பார்த்த பெரிய ஜன்னல். நான் நேரே குசினிக்குப் போய் அடுப்படியைப் பார்த்தேன்.

"இதென்ன குசினியோ? ரெண்டு பேர் நிண்டால் மூண்டாவது ஆள் ஜன்னலால குதிக்க வேணும்."

"நான் ஒராள்தானே அக்கா."

அவள் ஜன்னலடியில் நின்று, கால்விரல்களால் மரத்தரையைத் தடவிக்கொண்டிருந்தாள். அவளுடைய முகத்தை அப்படி நான் பார்த்துக் கனகாலம். உடனே வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அன்றே அவள் விண்ணப்பம் கொடுத்துவிட்டாள். செவ்வாய்க்கிழமை பின்னேரம் ஏஜென்டிடமிருந்து அழைப்பு வந்தது. மிருணாவின் கை மாவாக இருந்ததால் போனை ஸ்பீக்கரில் போட்டாள். வீட்டுக்காரி வயதான கிரேக்கப் பெண், அதே கட்டடத்தில் நேர்கீழ் வீட்டில் இருக்கிறாராம். மேலே மரத்தரை, நடக்கிறவர்களின் ஒவ்வொரு அடியும் அவருடைய தலைக்குமேல் கேட்குமாம். முன்பிருந்தவர்கள் பூட்ஸோடு நடந்து அவருடைய நித்திரையைக் கெடுத்தார்களாம். சனிக்கிழமை மேலே ஒரு சத்தமும் இல்லாததால், ஒருவரும் வீடு பார்க்க வரவில்லையாக்கும் என்று கதவைத் திறந்திருக்கிறார். படி நிறையச் சப்பாத்துகள்! முதலில் கழற்றியது யார் என்று விசாரித்திருக்கிறார்.

"பச்சைச் சேலை கட்டிய உங்கள் அக்காதான் என்று சொன்னேன். அந்தக் குடும்பத்துக்கே வீட்டைக் கொடு என்றார்" என்று ஏஜென்ட் ஆங்கிலத்தில் சொல்லிச் சிரித்தான்.

மிருணா மாவுக் கையோடு என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். இரண்டும் ஒரே அழுகை என்று அவள் நினைத்திருப்பாள்.

கணேசலிங்கம் டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல், "கலா, நீயல்லோ வீட்டை எடுத்துக் குடுத்தனி" என்றார். அன்றைய வார்த்தைகளை அதற்கென்றே சேர்த்து வைத்திருந்தார் போல.

முருகனோடு கொஞ்ச நாள் கோபமாக இருந்தேன். சாமான் ஏற்றிய அன்று முழங்கால் நோகுது என்று படுத்துக்கொண்டேன். அவள் போன பிறகு, பின்னறைக் கதவைத் திறந்து பார்ப்பதும் மூடுவதுமாக இருந்தேன். தேத்தண்ணியை இரண்டு கோப்பையில் ஊற்றிவிட்டு ஒன்றைத் திரும்பக் கேத்தலுக்குள் விட்டேன்.

வெள்ளிக்கிழமை காலை போன் பண்ணினாள். "இன்னும் பால் காய்ச்சேல்லை. நீங்கள் வந்தால்தான் காய்ச்சுவன். அதுவரைக்கும் கடைக் கோப்பிதான்."

புதுச் சட்டி, உப்பு, மஞ்சள், அரிசி எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு ரயில் ஏறினேன். ஸ்ட்ராத்பீல்டில் மாறிப் போக வேண்டும். வழி முழுக்க என்ன ஏசலாம் என்று யோசித்துக்கொண்டு போனேன். நிறைய வைத்திருந்தேன்.

படியேறி வாசலில் செருப்பைக் கழற்றினேன். அங்கே அவளுடைய ஒரு சோடி மட்டும் இருந்தது. கதவைத் திறந்தவள் ஓரமாக விலகி நின்றாள்.

"வாங்கோ அக்கா, உள்ளுக்கு வாங்கோ."

அப்போதுதான் உறைத்தது. நாலு வருஷம் எங்கள் வீட்டில் எத்தனையோ பேருக்குக் கதவைத் திறந்துவிட்டவள் இவள். திறந்துவிட்டு, "அக்கா, ஆக்கள் வந்திருக்கினம்" என்று என்னைக் கூப்பிடுவாள். வாங்கோ என்று சொன்னது எப்போதும் நான்தான். ஏசுவதற்கு வைத்திருந்ததை விட்டுவிட்டு, பையிலிருந்த புதுச் சட்டியை எடுத்து அவளிடம் நீட்டினேன்.

பால் காய்ச்சினோம். அந்தச் சின்னக் குசினியில் தோளோடு தோள் முட்டிக்கொண்டு, பால் பொங்கி வழிவதைப் பார்த்தோம். பிறகு அவள் என்னைத் தோளில் பிடித்துக் கூட்டிவந்து, ஜன்னலடியில் இருந்த ஒரேயொரு கதிரையில் இருத்தினாள்.

"என்ன குடிக்கிறியள்?"

என் வாழ்க்கையில் என் தங்கை என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. நான் என்ன விருந்தாளியோ, தள்ளு, நானே போடுறன் என்று நாக்கு நுனிவரை வந்தது. அவளுடைய முகத்தைப் பார்த்தேன். மரத்தரையில் நின்ற அன்றைய அதே முகம்.

"தேத்தண்ணி" என்றேன். "சீனி கொஞ்சம் கூடப் போடு."

குசினியில் அவள் கரண்டியைத் தேடுவதும், இழுப்பறைகளை மாறி மாறித் திறப்பதும் கேட்டது. எழும்பி ஓடத் துடித்த என் கால்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டு அமர்த்திக்கொண்டு, அவள் கொண்டுவந்து தரும்வரை அந்தக் கதிரையிலேயே இருந்தேன்.