பிரிட்ஜ் முன்னால் ஒரு பலகை

"டெஸ்டரை எடுத்து இங்கன குடு," என்று அக்கா பேச்சியம்மாள் கையை நீட்டினாள்.

டவுன் பஸ் அவர்கள் மூன்று பேரையும் காமயகவுண்டன்பட்டியில் இறக்கிவிட்டுப் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது. செல்லப்பாண்டி சட்டைப் பையைப் பொத்திக்கொண்டான். மற்றவர்கள் பேனா செருகும் இடத்தில் அவன் மஞ்சள் கைப்பிடி போட்ட டெஸ்டரைச் செருகுவான். கரண்ட் இருக்கிற இடத்தில் வைத்தால் உள்ளே சின்னச் சிவப்பு வெளிச்சம் எரியும். அக்கா அதைப் பிடுங்கிக் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள்.

"பொண்ணு பாக்க வந்துருக்கோம். வயரிங் பாக்க வரல. அந்த வீட்ல எந்தச் சாமானைப் பத்தியும் நீ வாயைத் தெறக்கக் கூடாது. ஆத்தா தலைல அடிச்சுச் சத்தியம் பண்ணு."

அம்மா சோணையம்மாள் தலையை முன்னால் நீட்டிக்கொண்டு நின்றாள். "பண்ணுய்யா. இது ஒம்பதாவது எடம். இதுவும் போச்சுன்னா நான் இனி ஒருத்தர் வாசப்படியும் மிதிக்க மாட்டேன்."

பண்ணினான்.

முப்பத்து மூன்று வயது, தாலுகா ஆபீசில் உத்தியோகம், பீடி கிடையாது, குடி கிடையாது. எட்டு இடமும் வாயால் போனது. கோம்பையில் பெண்ணின் அண்ணன் துபாயிலிருந்து கொண்டுவந்த கம்பியில்லாத போனை ஆசையாகக் காட்டினான். "இதுக்கு ஜன்னல்ல நின்னு கத்துனா இன்னும் தூரம் கேக்கும்" என்றான் செல்லப்பாண்டி. சின்னமனூரில் ஆளுயர ஸ்பீக்கர் பெட்டியைத் தட்டிப் பார்த்து, "உள்ள பாதி மரத்தூள்" என்றான். இரண்டும் உண்மைதான். மாதாமாதம் எலக்ட்ரானிக்ஸ் பத்திரிகை வாங்கி அட்டை முதல் அட்டை வரை படிக்கிறவன் பொய் சொல்லுவானா? அவனுக்கு ஆத்திரமே ஜனங்களின் மேல்தான். அவன் ஊர் அனுமந்தன்பட்டியில் எவனும் வாங்குவதற்கு முன்னால் கேட்க மாட்டான். வாங்கி, வீட்டில் வைத்து, சந்தனம் குங்குமம் எல்லாம் வைத்து முடித்துவிட்டு வந்து, "செல்லப்பாண்டி, நல்ல மிக்ஸிதான?" என்பான். நல்ல மிக்ஸி இல்லை என்று சொன்னால் அவனுக்குக் கோபம் வரும்.

பெண்ணின் அப்பா கருத்தக்கண்ணன் திராட்சைத் தோட்டக்காரர். வாசலுக்கே வந்து கூட்டிப்போய் உட்காரவைத்தார். உட்கார்ந்த நிமிடமே செல்லப்பாண்டிக்கு நாக்கு அரிக்க ஆரம்பித்துவிட்டது.

டிவி ரிமோட் பிளாஸ்டிக் உறையோடு இருந்தது. ரிமோட்டுக்குச் சளி பிடிக்கும் என்பதுபோல மேலே ஒரு ரப்பர் பேண்டு வேறு. ஸ்டெபிலைசருக்குப் பூப்பின்னல் துணி போர்த்தி, அதன்மேல் பீங்கான் பொம்மை ஒன்று. சூடு வெளியேற வைத்த ஓட்டையை எல்லாம் மூடிவிட்டு அந்தப் பொம்மை சிரித்துக்கொண்டிருந்தது. சுவர்க்கடிகாரம் மணிக்கொரு தரம் பறவை மாதிரி கத்தும். அந்தப் பறவை பதினோரு நிமிடம் பிந்தி. மாமனாராக வரப்போகிறவரின் இடுப்பில் தோல்பையில் செல்போன். "மொட்டமாடில ஏறி வடக்க பாத்து நின்னா ஜம்முன்னு எடுக்கும் தம்பி," என்றார் பெருமையாக. மாடியில் ஏறி வடக்கே பார்த்து நின்றால் புறாவையே தூது விட்டுவிடலாம். வாய்வரை வந்ததைக் காபியோடு விழுங்கினான். அக்கா ஓரக்கண்ணால் பார்த்து மெச்சினாள்.

பெண் வந்தாள். ஹேமாவதி. பஜ்ஜித் தட்டை நீட்டியபோது அவள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. சட்டைப் பையில் டெஸ்டர் குத்திக் குத்தி விழுந்திருந்த ஓட்டையைப் பார்த்தாள். அதற்குப் பிறகுதான் முகத்தைப் பார்த்தாள். செல்லப்பாண்டிக்கு முதல்முறையாக ஒரு வீட்டில் மின்சாமானைத் தவிர வேறொன்றைப் பார்க்கவேண்டும் என்று தோன்றியது.

"பஜ்ஜி காரம். கலர் எடுத்துக் குடு ஹேமா," என்றார் மூலையில் உட்கார்ந்திருந்த தாய்மாமன். சுருளியாண்டி என்று பெயர். வெள்ளைச் சட்டை, கறுத்த விரல்கள். அவர் சம்மதம் இல்லாமல் இந்த வீட்டில் வெற்றிலை மாற்ற முடியாது என்று தரகர் முன்பே சொல்லியிருந்தார்.

வருகிறவர் எல்லாரும் பார்க்கட்டும் என்று பிரிட்ஜைக் கூடத்திலேயே நிறுத்தியிருந்தார்கள். அதற்கு முன்னால் ஒரு மரப்பலகை கிடந்தது. ஹேமாவதி அதன்மேல் ஏறினாள். கைப்பிடியில் தொங்கிய துண்டைச் சுற்றிப் பிடித்து, கதவைத் திறந்து, இரண்டு பாட்டில் எடுத்துக்கொண்டு இறங்கினாள். எட்டவில்லைபோல என்று நினைத்தான். ஆனால் அவள் பிரிட்ஜைவிட உயரம்.

அடுத்து அவள் அம்மா இருளம்மாள் பிரிட்ஜ் கதவில் தொங்கிய பாட்டில் திறப்பானை எடுக்கப் போனாள். விருந்தாளி வந்த பரபரப்பில் பலகையை மறந்து, ஈரத்தரையில் நின்று கதவைத் தொட்டாள். "ஸ்ஸ்ஆ" என்று கையை உதறிக்கொண்டு சிரித்தாள்.

செல்லப்பாண்டியின் கையில் இருந்த பஜ்ஜி அப்படியே நின்றது. "அந்தப் பலகை எதுக்குங்க?"

அக்கா அவன் காலை மிதித்தாள்.

"அது ஒண்ணுமில்ல தம்பி," என்றாள் இருளம்மாள். "தரை ஈரமா இருந்தா பிரிட்ஜு சுருக்குன்னு கடிக்கும். பலகைல நின்னா கடிக்காது. நாலு வருசமாச்சு, பழகிப்போச்சு."

கோம்பைப் பக்கம் நாய் வளர்ப்பதுபோல இங்கே பிரிட்ஜ் வளர்க்கிறார்கள். கடிக்கும், ஆனால் நம் வீட்டுது. செல்லப்பாண்டி எழுந்துவிட்டான். அம்மாவின் தலை, சத்தியம், ஒன்பதாவது இடம் எல்லாம் அவனோடு கூட எழுந்தன. ஆனால் கால்கள் பிரிட்ஜின் பின்பக்கம் போய்விட்டன. குனிந்து பார்த்தான். சுவரில் இரண்டு ஓட்டை சாக்கெட். அதில் செருகியிருந்த பிளக்குக்கு மூன்று பின் இருக்கவேண்டும். மேலே இருக்கிற தடித்த பின்தான் பிரிட்ஜின் தகரத்தில் கசிகிற கரண்டை மண்ணுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது, ஆளைக் காப்பாற்றுவது. இரண்டு ஓட்டையில் நுழையவில்லை என்று அதை யாரோ ரம்பத்தால் அறுத்து எடுத்திருந்தார்கள்.

"அடப்பாவி," என்றான். சத்தமாகத்தான் சொன்னான். "எர்த் பின்னை அறுத்துருக்கானே! இதைப் பண்ணுனவன் யாருங்க? மாட்டுக்குக் கொம்பு சீவப் போகவேண்டியவன் கையில வயரைக் குடுத்துருக்கீக. இன்னிக்குச் சுருக்குங்குது. மோட்டார் இன்னும் கொஞ்சம் பழசாகி, ஒரு ஈர நாள்ல தொட்டா, தூக்கத்தான் ஆள் வரணும். இவனையெல்லாம்…"

சுவரில் பறவை நாலு முறை கத்தி ஓய்ந்தது.

கருத்தக்கண்ணன் தொண்டையைச் செருமினார். "எம் மச்சான்தான் பண்ணுனாக. ஊர்ல பாதி வீட்டுக்கு அவுக வயரிங்தான்."

சுருளியாண்டி வேட்டியை இறுக்கிக்கொண்டு எழுந்தார். "முப்பது வருசமா வயர் இழுக்கேன். ஏட்டைப் படிச்சுட்டு வந்து எனக்கு எர்த்து சொல்லித்தாரீகளா தம்பி?" நேராகப் போய்ப் பலகையில் ஏறி, உள்ளங்கையைப் பிரிட்ஜ் கதவில் பதித்தார். "எங்க கடிக்குது? எங்கன கடிக்குது?"

"அதான் ஒண்ணுமில்லைல. வந்து உக்காருடா," என்றாள் அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு.

"மாமா." ஹேமாவதியின் குரல் அதிகம் உயரவில்லை. "பலகைய விட்டு எறங்கித் தொடுங்க."

"வாயை மூடுடி," என்றாள் இருளம்மாள்.

சொன்னது சொன்னதுதான். எல்லார் கண்களும் சுருளியாண்டியின் காலுக்குப் போயின. இவர்கள் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் கழுவிவிட்ட சிமெண்டுத் தரை. பாட்டிலிலிருந்து சொட்டிய நீர் வேறு பலகையைச் சுற்றித் தேங்கியிருந்தது. அவர் கதவிலிருந்து கையை எடுத்தார். ஒரு காலைக் கீழே இறக்கினார். கட்டைவிரல் ஈரத்தில் பட்டதும் உள்ளே சுருண்டது.

அந்த விரலைப் பார்த்ததும் செல்லப்பாண்டிக்குப் புரிந்துவிட்டது. ஆளுக்குத் தெரியும். முதல் நாளே தெரியும். சரிசெய்யத் துப்பில்லாமல் பலகையைப் போட்டு மூடிவைத்த ஆள். தெரியாமல் செய்தவனைக்கூட மன்னிக்கலாம், இது அதைவிடக் கேவலம். தொடட்டும். துள்ளட்டும். எட்டு வீட்டில் வாய்க்காத சாட்சி இன்று இத்தனை பேர் முன்னால் கிடைக்கட்டும்.

அடுத்த காலும் இறங்கியது. சுருளியாண்டியின் நெற்றி வேர்த்திருந்தது. சுருக்கோடு விடும் என்று யார் சொன்னது? வெறும் கால், தேங்கின தண்ணீர், நாலு வருடப் பழைய கசிவு. பத்திரிகையில் இதற்குக் கணக்கெல்லாம் போட்டிருப்பார்கள். இந்தக் கணக்குக்கு அறுபது வயது நெஞ்சு என்ன பதில் சொல்லும் என்று எதிலும் போட்டதில்லை.

சுவிட்ச் அவன் முதுகுக்குப் பின்னால் இருந்தது. மட்டமான சுவிட்ச், தட்டினால் வெடி மாதிரி சத்தம் வரும். அதைச் செய்தவனையும் மனதுக்குள் திட்டினான். வெளியே டவுன் பஸ் திரும்பி வந்து நீளமாக ஹாரன் அடித்தது. அந்தச் சத்தத்துக்குள் அவன் விரல் பின்னால் போய் அழுத்தியது. பிரிட்ஜ் ஒரு முறை குலுங்கி அடங்கியது.

சுருளியாண்டி கண்ணைச் சுருக்கிக்கொண்டு தொட்டார். ஒன்றும் இல்லை. அவரே நம்பவில்லை. இன்னொரு கையையும் வைத்தார். பிறகு பிரிட்ஜைக் கட்டிப்பிடிக்காத குறையாகச் சாய்ந்துகொண்டார்.

"பாத்தீகளா? பாத்தீகளா?" குரல் ஏறிவிட்டது. "கடிக்குதாம்! எர்த்தாம்! தாலுகா ஆபீஸ்ல கடுதாசி கடிக்கும், பாத்து இருந்துக்கங்க தம்பி!"

கூடமே சிரித்தது. கருத்தக்கண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். சோணையம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"எம் பார்வைதான் தப்பு, மன்னிச்சுக்கங்க," என்றான் செல்லப்பாண்டி. வேப்பெண்ணெய் குடித்ததுபோல இருந்தது. அவன் வாயிலிருந்து அப்படியொரு வார்த்தையை அதுவரை கேட்டிராத அக்கா, வேறு யாரோ பேசியதுபோலத் திரும்பிப் பார்த்தாள்.

"போகட்டும், சின்ன வயசு," என்று சுருளியாண்டி பெரிய மனதோடு உட்கார்ந்தார். "எனக்கும் ஒரு கலர் குடு புள்ள."

ஹேமாவதி பிரிட்ஜைத் திறந்தாள். உள்ளே விளக்கு எரியவில்லை. அந்த இருட்டையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு சுவிட்சைப் பார்த்தாள். அதன் பக்கத்திலேயே இன்னும் நின்றுகொண்டிருந்த அவன் கையைப் பார்த்தாள். ஒரு பாட்டிலை எடுத்து, மாமாவிடம் கொடுத்தாள்.

"யோசிச்சுச் சொல்லி விடுறோம்," என்றார் கருத்தக்கண்ணன் விடைகொடுக்கும்போது.

தெருவுக்கு வந்ததும் அக்கா கைப்பையைத் திறந்து டெஸ்டரை அவன் மார்பில் எறிந்தாள். "இந்தா. இதையே கட்டிக்கிட்டு அழு." அம்மா முன்னால் நடந்தாள்.

டெஸ்டரை எடுக்கக் குனிந்தவன் நிமிரும்போது கூடத்து ஜன்னல் தெரிந்தது. உள்ளே சுருளியாண்டியின் சிரிப்பு இன்னும் ஓயவில்லை. ஹேமாவதி பிரிட்ஜின் ஓரமாகத் தெருவைப் பார்த்து நின்றிருந்தாள். பிடுங்கிய பிளக் அவள் கையில் இருந்தது, வயர் கீழே தொங்கியது. பின்னை அறுத்த இடத்தைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டிருந்தாள்.