நீக்கியவை வந்து சேர்ந்த வீடு

இணையக் கலைக்களஞ்சியத்தின் அனகாபுத்தூர் கட்டுரையிலிருந்து நீக்கப்பட்ட எருமை, அன்று மாலையே ஷபீனா வீட்டுச் சமையலறைக்கு வந்து ஃபிரிட்ஜ் ஓரமாகப் படுத்துக்கொண்டது. தாம்பரத்தில் ஒரு கல்லூரியில் படித்த ஷபீனாவுக்குச் சொந்த ஊர்க் கட்டுரையைத் திருத்தி எழுதுவதுதான் அந்தப் பருவத்து வகுப்புப் பணி. வெயில் தாழ்ந்ததும் ஆற்றோரம் ஓர் எருமை வந்து படுக்கும் என்று, பார்த்ததைப் பார்த்தபடி எழுதினாள். சான்று இல்லை என்று முகம் தெரியாத யாரோ அதைத் தூக்கிவிட்டார்கள். “கண்ணால பார்த்ததெல்லாம் செல்லாதும்மா, எங்கயாவது அச்சுல வந்திருக்கணும்” என்றார் வகுப்பெடுத்த கீதா மேடம். அம்மா நஃபீசாவுக்கு இந்த விதியெல்லாம் பிடிபடவில்லை. “இன்னாடி இது, பால் எடுக்க வழி இல்லாம படுத்துகினு கீது!” என்று கத்திவிட்டு, காய்கறித் தோலை அதன் முன்னால் போட்டாள். அடுத்து, மழைநாளில் கிளம்பும் பழைய தோல் தொழிற்சாலை வாடை நீக்கப்பட்டுக் குளியலறையில் குடியேறியது. பிறகு, சந்துக்குள் மாட்டிக்கொண்டு முழிக்கும் ஷேர் ஆட்டோ கூடத்துக்கு வந்தது. துணி காயப்போட வசதியாகத்தான் இருந்தது. ஷபீனா தானே எழுதித் தானே நீக்கியவை வரவில்லை. இன்னொருவர் வேண்டாம் என்று தள்ளியவை மட்டுமே வந்தன.

இது புரிந்த அன்று அவள் சோற்றைத் தள்ளி வைத்துவிட்டுக் கட்டுரையைத் திறந்தாள். அவளைப் பெற்ற அத்தா ஷாகுல் இறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. பெருவெள்ளத்தின்போது லாரி டியூப்பில் ஆட்களை ஏற்றி, கழுத்தளவுத் தண்ணீரில் தள்ளிக்கொண்டு போனவர் அவர். அந்த நேரத்திலும் சீட்டியடித்த ஆள். எந்தப் பாட்டை அடித்தாலும் ஒரே பாட்டாகத்தான் கேட்கும். ‘வெள்ளத்தில் சிக்கியவர்களை ஷாகுல் என்பவர் சீட்டியடித்துக்கொண்டே லாரி டியூப்பில் கரை சேர்த்தார்’ என்று ஷபீனா எழுதினாள். வேண்டுமென்றே சான்று தரவில்லை. நஃபீசா பீரோவிலிருந்து கைலியை எடுத்து இஸ்திரி போட்டாள், எருமையை ஓரங்கட்டினாள், ஓர் ஆளுக்குக் கூடுதலாக உலை வைத்தாள். தாயும் மகளும் செல்போனை நடுவில் வைத்துக்கொண்டு, யாராவது வந்து அந்த மனிதரை வேண்டாம் என்று சொல்லிவிட மாட்டார்களா என்று ஏங்கிக் கிடந்தார்கள்.

நீக்க யாரும் வரவில்லை. கோவிலம்பாக்கத்து ஷ்யாம்சுந்தர் என்பவர் வந்து, பழைய நாளிதழ்ச் செய்தி ஒன்றைத் தேடிப்பிடித்துச் சான்றாகச் சேர்த்து, வாக்கியத்தை அசைக்க முடியாதபடி நிறுத்திவிட்டார். நல்ல மனிதர், வேறென்ன சொல்ல. கீதா மேடம் முழு மதிப்பெண் போட்டு அதை வகுப்பில் வாசித்துக் காட்டினார். ஷபீனா தேம்பியதும், பெருமையில் அழுகிறாள் என்று எல்லோரும் கைதட்டினார்கள். கட்டுரையைத் திருத்துகிறவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் பக்கத்தில், எருமை முதல் எல்லாவற்றையும் ஷ்யாம்சுந்தருக்கு எழுதி, தயவுசெய்து எங்கள் அத்தாவை நீக்கிவிடுங்கள் என்று அவள் கெஞ்சினாள். மறுநாள் பதில் வந்தது: “சிஸ்டர், அந்த டியூப்ல எங்க அக்காவும் இருந்தாங்க. அவரைப் போய் நான் எப்படிங்க வேணாம்னு சொல்றது? ஆனா பேப்பர்ல சீட்டி பத்தி ஒண்ணும் போடல. ரூல்படி அதை மட்டும் எடுத்துடறேன்.”

அன்று மாலை நஃபீசா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தபோது சந்துமுனையில் சீட்டி கிளம்பியது. கதவு திறந்துதான் இருந்தது. ஆளில்லாத அந்தச் சீட்டி கூடத்துக்குள் வந்து, ஆட்டோவைச் சுற்றிக்கொண்டு சமையலறைக்குள் நுழைந்து, அவள் தோளுக்குப் பின்னால் நின்றது. அவள் திரும்பவில்லை. திரும்பினால் அங்கே யாரும் இருக்கமாட்டார்கள் என்று அவளுக்குத் தெரியும்.

“இப்பதான் வூட்டுக்கு வழி தெரிஞ்சுதா? போய் கால் கழுவிகினு வாங்க” என்றாள்.

சீட்டி பின்பக்கம் போயிற்று. ஷபீனா ஓடிப்போய்க் குழாயைத் திறந்துவிட்டாள்.