ஜாக்கிரதையார் வீட்டு வண்டி

தொழிற்சாலையில் பாதுகாப்பு அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்ற அந்த மனிதரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எதிரில் 'சார்'. முதுகுக்குப் பின்னால் 'ஜாக்கிரதையார்'. அவர் மனைவிக்கு இரண்டுமே தெரியும். இரண்டாவதுதான் பொருத்தம் என்பது அவளுடைய அபிப்பிராயம்.

வேலையில் இருந்த காலத்தில் அவர் மாட்டாத பலகை இல்லை. படிக்கட்டில் 'கைப்பிடியைப் பிடி', கிடங்கில் 'தலையைக் குனி', கழிப்பறையில் 'கதவை மெதுவாகத் திற'. வீடும் தப்பவில்லை. அடுப்புக்கு மேலே 'தீ சுடும்' என்று எழுதி மாட்டியிருந்தார். அதை எழுதியவர் அந்த அடுப்பைப் பற்றவைத்து ஒருநாளும் பார்த்ததில்லை.

கல்யாணமான புதிதில் அவள் சைக்கிள் கற்றுக்கொள்ள ஆசைப்பட்டாள். அவர் விபத்துப் புள்ளிவிவரத்தை வாசித்துக் காட்டினார். பத்து வருஷம் கழித்து ஸ்கூட்டருக்கு ஆசைப்பட்டாள். இன்னும் நீளமான புள்ளிவிவரம் வந்தது. அதற்குப் பிறகு அவள் ஒன்றும் கேட்கவில்லை, நடந்தாள். கடைக்கு, வங்கிக்கு, மகளின் பள்ளிக்கூடத்துக்கு, ஆஸ்பத்திரிக்கு. நடந்து நடந்து முழங்கால் தேய்ந்ததுதான் மிச்சம். நடப்பவர்களுக்கு என்ன ஆகும் என்று யாரும் புள்ளிவிவரம் எடுக்கவில்லை போலிருக்கிறது.

போன வருஷம் ஜாக்கிரதையாருக்குத் தண்டுவடத்தில் கோளாறு வந்தது. கால்கள் சொன்ன பேச்சைக் கேட்க மறுத்தன. யாராவது தாங்கிப் பிடித்தால் எழுந்து நாலடி எடுத்து வைப்பார், அவ்வளவுதான். வெளியூரில் இருந்த மகள் கடனோ உடனோ வாங்கி, பேட்டரியில் ஓடும் சக்கர நாற்காலி ஒன்றை அனுப்பிவைத்தாள். வாசற்படியில் ஏறி இறங்கச் சாய்வுப் பலகையும் போட ஏற்பாடு செய்தாள். வண்டியோடு மெக்கானிக் ஒருவர் வந்து எல்லாவற்றையும் விளக்கினார்.

"சார், தினமும் ராத்திரி சார்ஜ்ல போட்டுடுங்க. பச்சை லைட் வர்ற வரைக்கும் எடுக்காதீங்க. அரைகுறையா ஏத்தினா பேட்டரி சீக்கிரம் செத்துடும். ஏறும்போதும் இறங்கும்போதும் சுவிட்ச ஆஃப் பண்ணிடணும். இல்லன்னா ஓட்டுற இந்தக் குச்சியில கை பட்டாலே வண்டி கிளம்பிடும். பின்னாடி ரெண்டு சிவப்பு லீவர் இருக்கு பாருங்க. அதைத் தூக்கினா மோட்டார் விடுபட்டுடும், கையால தள்ளிக்கலாம். ஆனா அப்ப பிரேக் கிடையாது. சரிவுல மட்டும் தூக்கவே கூடாது."

"நான் முப்பது வருஷம் இதே தொழில்ல இருந்தவன் தம்பி," என்றார் ஜாக்கிரதையார்.

அந்த வாக்கியத்துக்கு அப்புறம் அவரிடம் பேசி ஜெயித்தவர் கிடையாது. மெக்கானிக் வாயை மூடிக்கொண்டார். அவர் சொன்னதையெல்லாம் காதில் வாங்கியது டீத் தட்டோடு கதவோரம் நின்றவள் மட்டும்தான்.

அன்றைக்கே வீட்டில் சட்டம் அமலுக்கு வந்தது. சார்ஜ் சாயங்காலம் கொஞ்ச நேரம் மட்டும். படுக்கப் போகுமுன் பிடுங்கிவிட வேண்டும். "தூங்குற வீட்ல கரண்ட் முழிச்சிருக்கக் கூடாது" என்றார். கைப்பிடியில் வேகம் வைக்கும் திருகு ஒன்று இருந்தது. அதன் ஒரு முனையில் ஆமைப் படம், மறுமுனையில் முயல் படம். திருகு ஆமையை விட்டு அசையக் கூடாது. அறைக்கு அறை ஹாரன் அடிக்க வேண்டும். தெருவுக்குப் போகவே கூடாது. தெருவில் நாய் உண்டு, பள்ளம் உண்டு, முக்கியமாக 'பிறர்' உண்டு. இப்படியாகப் படுக்கையறையிலிருந்து கூடத்துக்கு பீம் பீம் என்று வருவார், செய்தித்தாள் படிப்பார், பீம் பீம் என்று திரும்பிப் போவார். அவர் கட்டிலில் படுத்ததும் சிவப்பு லீவர்களைத் தூக்கி வண்டியைக் கூடத்துக்குத் தள்ளிவந்து, லீவர்களைக் காலால் மிதித்து இறக்கி, தூசி படியாமல் இருக்கப் போர்வை போட்டு மூடுவாள் அவள். தேரை நிலையில் நிறுத்திக் கும்பிடுவதற்கா மகள் இவ்வளவு செலவு செய்தாள் என்று அவளுக்கு வயிறு எரிந்தது.

ஒருநாள் மதியம் வெங்காயம் தீர்ந்துவிட்டது. அவர் சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்தார். குறட்டை சங்கு மாதிரி ஒலித்தது. அந்தச் சங்கு ஆரம்பித்துவிட்டால் சாயங்காலம் வரைக்கும் வீடு இடிந்தாலும் எழமாட்டார். இவளுக்கோ அன்றைக்கு முழங்கால் இரண்டும் விண் விண்ணென்று தெறித்தன. பையை எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தாள். போர்வைக்கு அடியில் வண்டி சும்மா நின்றது.

'சும்மா உக்காந்து பார்க்கிறதுல என்ன?' என்று உட்கார்ந்தாள். 'சும்மா சுவிட்ச் போட்டுப் பார்க்கலாமே' என்று போட்டாள். சும்மா சும்மா என்றே சாய்வுப் பலகையில் இறங்கித் தெருவுக்கு வந்துவிட்டாள்.

ஆமை வேகம்தான். தெருநாய் ஒன்று அவளை முந்திக்கொண்டு போய், இது என்ன ஜந்து என்று நின்று திரும்பிப் பார்த்தது. அவளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. அறுபது வயதுக்கு மேல் முதல் தடவையாக அவள் நடக்காமல் கடைக்குப் போனாள்.

அந்த வாரம் முடிவதற்குள் திருகு முயலுக்கு வந்துவிட்டது. கடைத்தெரு, தபால் ஆபீஸ், அதற்கும் அப்பால் ஆற்றுப் பாலம் வரைக்கும் போனாள். பாலத்தில் அடிக்கிற காற்றை வாங்கிக்கொண்டு, குறட்டை நிற்பதற்குள் திரும்பி வந்துவிடுவாள். சும்மா சொல்லக் கூடாது, பட்டுத்தான் கற்றாள். ஒருநாள் தையல் கடை வாசலில் சுவிட்சை அணைக்காமல் எழுந்தாள். பையின் வார் குச்சியில் மாட்டியது. வண்டி தன்பாட்டுக்குக் கிளம்பி, சட்டை மாட்டி நின்ற பொம்மையை இடித்துக் கடைக்குள் தள்ளிக்கொண்டு போனது.

"ஏம்மா, உள்ள வரணும்னா நீங்க வாங்க. வண்டிய எதுக்குத் தனியா அனுப்புறீங்க?" என்றார் தையல்காரர்.

மெக்கானிக் சொன்னது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அதற்குப் பிறகு அணைக்காமல் அவள் எழுந்ததே கிடையாது. சக்கரத்தில் சுற்றிய நூலையும் முடியையும் தினமும் எடுத்தாள். வீட்டுக்குள் ஏறுமுன் ஈரத்துணியால் டயரைத் துடைத்தாள். மேடு வந்தால் கோணலாக ஏறாமல் நேராக ஏறினாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது எப்படி என்பதையும் கூடவே கற்றுக்கொண்டாள்.

ஆனால் வண்டியின் இடுப்புப் பட்டையை மறந்துவிட்டாள். அவள் ஒல்லி. தன் அளவுக்கு இறுக்கியதைத் தளர்த்தாமல் ஒருநாள் விட்டுவிட்டாள். சாயங்காலம் பட்டையை மாட்ட முயன்ற ஜாக்கிரதையார் திகைத்துப்போனார்.

"என்ன இது? நேத்து சரியா இருந்துச்சே!"

"உட்கார்ந்தே இருக்கீங்கல்ல, சதை போட்டிருக்கும்," என்றாள் அவள், வாய்க்கு வந்ததை.

பாதுகாப்புக்கு எடையும் முக்கியம் என்று அன்றிலிருந்து இரவுச் சாப்பாட்டைப் பாதியாகக் குறைத்துவிட்டார். நாலு நாள் அவர் பசியோடு படுப்பதைப் பார்க்க அவளுக்குப் பாவமாக இருந்தது. ஐந்தாம் நாள் பட்டையைத் தளர்த்திவைத்தாள். "பார்த்தியா, கட்டுப்பாடா இருந்தா உடம்பு கேக்கும்," என்று பூரித்துப்போனார். இன்னும் ஒரு பிடி குறைக்கப்போவதாகவும் சொன்னார்.

பேட்டரியைத்தான் மறைக்க முடியவில்லை. அவர் ஏற்றுவது கையளவு, அவள் செலவழிப்பது கூடையளவு. கைப்பிடியில் சார்ஜைக் காட்டும் விளக்குகள் ஒவ்வொன்றாகக் குறைந்துகொண்டே வந்தன. மின்கசிவு என்று தீர்மானித்தார் ஜாக்கிரதையார். மெக்கானிக்கை வரவழைத்தார். மெக்கானிக் வண்டியைச் சாய்த்து டயரைத் தடவிப் பார்த்தார்.

"சார், இது நல்லா ஓடின வண்டியாச்சே. டயர் தேஞ்சிருக்கு."

"கூடத்தைத் தாண்டாத வண்டி எப்படித் தேயும்?"

மெக்கானிக் தலையை நிமிர்த்தினார். ஜாக்கிரதையார் உட்கார்ந்திருந்த மர நாற்காலிக்குப் பின்னால் அவர் மனைவி டீயோடு நின்றிருந்தாள். கண்ணை மட்டும் ஒருதரம் மூடித் திறந்தாள்.

"தரை கொஞ்சம் சொரசொரப்பா இருக்கும்போல சார்," என்றார் மெக்கானிக். "ஆனா ராத்திரி முழுக்க சார்ஜ் போடுங்க. இல்லன்னா எங்கயாவது நடுவுல நின்னுடும்."

"நான் முப்பது வருஷம்..." என்று ஆரம்பித்தார் இவர். மெக்கானிக் பையைத் தூக்கிக்கொண்டார்.

அந்தச் சமயத்தில்தான் தொழிற்சாலையிலிருந்து அழைப்பு வந்தது. பாதுகாப்பு வார விழா, சிறப்பு விருந்தினர் அவர்தான். தொழிற்சாலை அடுத்த தெருவின் முனையில் இருந்தது. பிறர் நடமாடும் தெருவாக இருந்தாலும் மேடை என்றால் விதிவிலக்கு உண்டு. சட்டைக்குக் கஞ்சி போட்டு, பட்டை மாட்டி, ஆமை வேகத்தில் பீம் பீம் என்று கிளம்பினார். பேச்சுத் தாள்களை ஏந்திக்கொண்டு அவள் பின்னாலேயே நடந்தாள். முந்தின நாள் பாலத்தைத் தாண்டி அக்கரை வரைக்கும் போய்வந்திருந்தாள். கைப்பிடியில் ஒரே ஒரு சிவப்பு விளக்குத்தான் எரிந்தது.

"ஏங்க, இன்னிக்கு ஒருநாள் ஆட்டோல போயிடலாமே?"

"ஆட்டோவா? புள்ளிவிவரம் தெரியுமா உனக்கு?"

தொழிற்சாலை வாசலில் நல்ல ஏற்றம். பாதி ஏற்றத்தில் வண்டி ஒரு முனகல் முனகிவிட்டு நின்றுவிட்டது. அவருடைய தலைக்கு நேர் மேலே, அவரே ஒரு காலத்தில் மாட்டிய 'பாதுகாப்பே முதல்' பலகை.

காவலாளிகள் இரண்டு பேர் ஓடிவந்து தள்ளினார்கள். சக்கரம் அசையவில்லை.

"பின்னாடி லீவர் இருக்கு, தூக்கு!" என்று உத்தரவு போட்டார் ஜாக்கிரதையார்.

"ஐயோ, வேண்டாங்க! சரிவுல தூக்கக் கூடாது!" என்று அவள் கத்தினாள்.

"எனக்குத் தெரியும்!" என்றார் அவர்.

காவலாளிகள் ஆளுக்கொரு லீவரைத் தூக்கினார்கள். வண்டி இளகியது. நாலடி மேலே தள்ளியும்விட்டார்கள். அந்த நேரம் பார்த்து மேலாளர் பூச்செண்டோடு வாசலுக்கு வந்தார். மேலாளரைப் பார்த்ததும் என்ன செய்ய வேண்டும் என்று காவலாளிகளுக்குச் சொல்லிக்கொடுத்தவரே ஜாக்கிரதையார்தான். இருவரும் விறைத்து நின்று, இரண்டு கையையும் விட்டு, ஒரு சல்யூட் அடித்தார்கள்.

சிறப்பு விருந்தினர் பின்பக்கமாகக் கிளம்பினார்.

முழங்கால் வலி எங்கே போனதோ தெரியவில்லை. அவள் தாள்களை வீசிவிட்டு ஒதுங்கி, வண்டி தன்னைத் தாண்டும்போது கைப்பிடியை ஒரு கையால் எட்டிப் பிடித்தாள். இழுத்துக்கொண்டே ஓடியது. காலை நீட்டி ஒரு லீவரை ஓங்கி மிதித்தாள். அந்தப் பக்கச் சக்கரம் மட்டும் இறுக, வண்டி அரை வட்டம் சுழன்று, கண்காட்சிக்காக அடுக்கிவைத்திருந்த தீயணைப்பு மணல் வாளிகளில் போய் மோதி நின்றது. பட்டை மாட்டியிருந்ததால் அவர் விழவில்லை. கஞ்சி போட்ட சட்டை முழுக்க மணல்.

வாசலில் கூடியிருந்த தொழிலாளர்கள் எட்டி எட்டிப் பார்த்தார்கள். மேலாளர் ஒரு நொடிதான் யோசித்தார். மேலாளர் ஆனவர் சும்மா ஆகவில்லை.

"இப்ப நீங்க பார்த்தது சார் நமக்காகச் செஞ்சு காட்டின செயல்முறை விளக்கம்! பாதுகாப்புல அலட்சியமா இருந்தா என்ன ஆகும்ங்கிறதுக்கு! எல்லாரும் கை தட்டுங்க!"

கைதட்டல் காதைப் பிளந்தது. "இன்னொரு தடவை!" என்று பின்னாலிருந்து ஒருவன் கத்தினான். ஜாக்கிரதையார் மணலைத் தட்டிவிட்டு, இது நமக்கு வழக்கம்தான் என்பதுபோலத் தலையை ஆட்டினார். அப்புறம் மேடை நாற்காலியில் உட்கார்ந்தபடியே ஒன்றரை மணி நேரம் பேசவும் செய்தார்.

வீட்டிலிருந்து சார்ஜரை வரவழைத்து, விழா முடிகிற வரைக்கும் அலுவலகத்தில் வண்டியை சார்ஜில் போட்டிருந்தார்கள். பேச்சு முடிந்து இருவரும் அங்கே தனியாக இருந்தபோது அவர் கேட்டார்.

"எந்த லீவரை எப்படி மிதிக்கணும்னு உனக்கு எப்படித் தெரியும்?"

அவளுக்கு ஒளிக்கத் தோன்றவில்லை. சற்று முன்னால் அவரைப் பறிகொடுக்க இருந்தாள். வெங்காயம், தையல் கடை, பாலம், பட்டை எல்லாவற்றையும் சொன்னாள். பட்டையைச் சொன்னபோது மட்டும் அவர் முகம் சிவந்தது.

"அப்ப நான் பட்டினி கிடந்ததெல்லாம்?"

"உடம்புக்கு நல்லதுதானே," என்றாள்.

அவர் கையை நீட்டி வேகத் திருகைத் தொட்டார்.

"ஆமைலயா போன?"

"முயல்ல."

"பாலத்துலயுமா?"

"பாலத்துல முயல்லதான் போகணும். அப்பத்தான் காத்து அடிக்கும்."

திட்டுவார் என்று நினைத்தாள். அவர் திட்டவில்லை. மனுஷனின் கவலை வேறாக இருந்தது: முறையான பயிற்சி இல்லாமல் ஓட்டியிருக்கிறாளே! மறுநாளிலிருந்து கூடத்தில் அவளுக்கு வகுப்பு நடந்தது. அவள் ஒன்றுவிடாமல் செய்துவந்ததையெல்லாம் அவர் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தார். அவளும் கன்னத்தில் கைவைத்து, அப்படியா அப்படியா என்று கேட்டுக்கொண்டாள். வகுப்பின் முடிவில் அவள் கேட்டதெல்லாம் ஒன்றுதான்: ராத்திரி முழுக்க சார்ஜ். முணுமுணுத்துக்கொண்டே ஒத்துக்கொண்டார். சார்ஜரை மட்டும் கட்டிலுக்கும் திரைச்சீலைக்கும் எட்டாத தூரத்தில் வெறுந்தரையில் வைக்கச் சொன்னார். அது நியாயமான பேச்சு என்று அவளும் வைத்தாள்.

அடுத்த வாரம் ஒரு சாயங்காலம், "பாலம் எங்க இருக்கு?" என்று தானாகவே கேட்டார். சாய்வுப் பலகையில் இறங்கினார். அவள் கூடவே மெல்ல நடந்தாள். தெருமுனை டீக்கடைக்காரர் தூரத்திலேயே வண்டியைப் பார்த்துக் கையசைத்தார். கிட்டே வந்ததும் முகம் மாறியது.

"என்ன சார், அம்மாவோட வண்டிய நீங்க ஓட்டிட்டு வர்றீங்க?" என்றார். அப்புறம்தான் பின்னால் வந்தவளைப் பார்த்தார். "ஏம்மா, இவருக்கு ஓட்டத் தெரியுமா?"

அவள் அவரைப் பார்த்தாள்.

ஜாக்கிரதையார் சுவிட்சை அணைத்தார். தொண்டையைச் செருமினார்.

"இப்பத்தான் பழகுறேன்," என்றார். "ரெண்டு டீ போடுங்க. அவங்களுக்குச் சர்க்கரை கம்மியா."