நெருக்கிப் பின்னிய கிடுகு

சுனாமிக்குப் பிறகு ஒரு நிவாரண நிறுவனத்தில் பொருள் வாங்கும் வேலை எனக்குக் கிடைத்தது. அங்கே ஒரு சட்டம் வைத்திருந்தார்கள். வீடிழந்தவர்களுக்குக் கட்டும் குடிசைக்கு வாங்கும் எதுவும் பிறகு குப்பையாகக் கிடக்கக்கூடாது. பச்சை மரமும் வெட்டக்கூடாது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஊரே மையத்தாக, பிணமாகக் கிடந்த இடத்தில் குப்பையைப் பற்றி என்ன கதை?

என் எரிச்சலுக்குக் காரணம் தங்கை றாஹிலா. அவள் கணவனைக் கடல் கொண்டுபோய்விட்டது. கல்முனையில் ஒரு பள்ளிக்கூட மைதானத்தில், யாரோ கொடுத்த வெள்ளைப் பிளாஸ்டிக் கூடாரத்துக்குள் இத்தா இருந்தாள். நாலு மாதம் பத்து நாள் இத்தா முடியும்வரை விதவை அந்நிய ஆண்களின் கண்ணில் படக்கூடாது. பொழுது சாய்ந்து மஃரிபுத் தொழுகைக்கு விளக்கேற்றினால் அவள் நிழல் அப்படியே கூடாரச் சுவரில் விழும். அதனால் இருட்டிலேயே இருந்தாள். பகல் வெக்கையில் மயங்கியும் விழுந்தாள்.

"தடிச்ச பிளாஸ்டிக் கொழும்பில மலிஞ்சு கிடக்கு சேர். நாளைக்கே இறக்கலாம்" என்று மேலாளரிடம் சண்டை பிடித்தேன். மனிசன் அசையவில்லை.

வேறு வழியில்லாமல் வினாயகபுரத்துக்குப் போனேன். சண்டைக் காலத்தில் முஸ்லிம்களாகிய நாங்கள் போக அஞ்சிய தமிழ் ஊர். அங்கே கடல் வேரோடு சாய்த்த தென்னைகள் கரை நெடுகக் கிடப்பதாகக் கேள்வி. அந்த ஓலையில் கிடுகு பின்னினால் குடிசைக்குக் கூரையும் சுவரும் ஆகும். தென்னந்தோட்டக்காரர் கனகரெத்தினம் முகம் கொடுத்துக் கதைத்தார்.

"ஓலைக்குக் குறைவில்ல தம்பி. உக்கினாலும் தென்னைக்குப் பசளைதான். ஆனா ஆரு பின்னுற? எல்லாம் செத்த வீடு. முப்பத்தொண்டாம் நாள் கிரியை கூட முடியல்ல."

நான் அவர் முகத்தைப் பார்க்காமல், "என்ர தங்கச்சி இத்தாவில இரிக்கா அண்ணே. மறைப்பு ஒண்டும் இல்ல" என்றேன்.

அவருடைய மகள் சுஜித்தா வாசலில் நின்றாள். அவளும் புருசனைக் கடலுக்குக் கொடுத்தவள் என்பதைப் பொட்டில்லாத நெற்றி சொன்னது.

"இத்தாவுக்கெண்டா நெருக்கிப் பின்னோணும் அப்பா" என்றாள். "அம்மா முந்தி அக்கரைப்பற்று முஸ்லிம் ஆக்களுக்கு அப்பிடித்தான் பின்னிக் குடுத்தவ. நான் பின்னுறன்."

மறுவாரம் லொறியோடு போனவன் அப்படியே நின்றுவிட்டேன். களப்புத் தண்ணீர் முழுக்க ஓலை ஊறிக்கொண்டிருந்தது. கரை நெடுகப் பெண்கள், அனேகமாகச் செத்த வீட்டுப் பெண்கள், கடலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து பின்னிக்கொண்டிருந்தார்கள். ஒரு கிடுகை வெயிலுக்கு எதிரே தூக்கிப் பார்த்தேன். ஒரு பொட்டு வெளிச்சம் வரவில்லை. சுப்ஹானல்லாஹ் என்று வாய் தானாகச் சொன்னது. மச்சானைக் கொண்டுபோன கடல் சாய்த்த ஓலை என் தங்கையை மறைக்கப்போகிறது. அதைப் பின்னிய கைகளும் அதே கடலிடம் பறிகொடுத்தவை.

சுஜித்தா பின்னியவற்றைத் தனியாகக் கட்டி என்னிடம் தந்தாள். றாஹிலாவின் குடிசைக்கு அவற்றையே போட்டோம்.

அன்று மஃரிபு பாங்கு சொல்லி முடிந்ததும் உள்ளேயிருந்து தங்கையின் குரல் வந்தது.

"காக்கா, விளக்கேத்திட்டன். நிழல் தெரியுதா?"

குடிசையை ஒருமுறை சுற்றி வந்தேன்.

"ஒண்டும் தெரியல்ல தங்கச்சி."

கடல் வந்த நாளிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீரும் விடாத றாஹிலா அழத் தொடங்கினாள்.